வம்பு இருந்தா வாய் தானாத் திறக்கும்

திங்கக்கெழம காலேஜ்ல மொத வகுப்பு எடுக்கப் போறியாமே தாயி. பார்ட் டூ இங்கிலீஷ், மொத வருசப் பிள்ளைக, 60 பேரு. நேத்து ராத்திரி திண்ணையில நின்னு நீ ஒத்திகை பாத்தத நானும் கேட்டேன். "குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ்"னு நீ போட்ட சத்தத்துல தொழுவுல படுத்துக் கெடந்த மாடு எந்திரிச்சு நின்னுட்டு. பிள்ளைகளும் எந்திரிச்சு நிக்கும், அதுல சந்தேகமில்ல. வாயத் திறக்குமாங்கிறதுதான் கேள்வி.

"தாத்தா, நீங்க மணி அடிச்ச ஆளு, பாடம் நடத்துன ஆளு இல்ல"ன்னு மூஞ்சியத் திருப்பாத. மணி அடிக்கிறவனுக்கு ரெண்டு மணிக்கும் நடுவுல என்ன வேல? ஹைஸ்கூல் வராந்தாவுல ஸ்டூலப் போட்டு உக்காந்து எல்லா வகுப்பையும் ஓசியில பாத்தவன் நான். ஒவ்வொரு இங்கிலீஷ் வாத்தியாரும் மொத நாளு எப்படி உள்ள போனாக, எப்படி வெளிய வந்தாகன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாது. அவுக பாடம் நடத்துறதுல மும்முரமா இருந்தாக.

அதனால மொதல்ல, 60 பேரு வாயையும் ஒரே பீரியடுல பூட்டுறதுக்கு என்ன செய்யணும்னு சொல்லித் தாரேன். எல்லாம் பரீட்சிச்சுப் பாத்த வழி. ஒருநாளும் பொய்க்காது.

மொத வழி: முன் பெஞ்சுல இருந்து ஒவ்வொருத்தரா எந்திரிக்கச் சொல்லி, "இன்ட்ரடியூஸ் யுவர்செல்ஃப்"னு சொல்லணும். சந்தையில மாட்டோட பல்லப் பிடிச்சுப் பாக்குத மாதிரி ஒரு வேல அது. மாடு வாயத் திறக்கத்தான் செய்யும், ஆனா அதுக்குப் பேரு பேச்சு இல்ல. கணக்குப் போட்டுப் பாரு. பீரியடு 50 நிமிசம். அட்டென்டன்சுக்கும், லேட்டா வந்து "மே ஐ கமின்" கேக்குதவுகளுக்கும் 10 நிமிசம் போச்சு. மிச்சம் 40. ஆளுக்கு 40 செகண்டு. அதுல எந்திரிக்க, சட்டைய இழுத்துவிட, கிள்ளுனவன முறைக்க 15 செகண்டு. மிச்சத்துல வருது பாரு பிரசங்கம்: "ஐ யாம் கமிங் ஃப்ரம் கழுகுமலை. மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹவுஸ்வொய்ஃப். மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ். தேங்க்யூ."

60 பேருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் படிக்கிறதுதான். அம்புட்டுப் பேரும் படிச்சா நம்ம ஊரு நூலகத்துல ஃபேனுக்கு அடியில தூங்க எனக்கு எடமே கெடைக்காது. அந்த "ஹவுஸ்வொய்ஃப்" அம்மாவ நெனச்சுப் பாரு. விடியக்காலம் களை வெட்டப் போயி, பொழுது சாயப் புல்லுக்கட்டத் தலையில வச்சுக்கிட்டு வாரவ. மகன் இங்கிலீஷ்ல வாயத் திறந்ததும் வீட்டுல சும்மா உக்காந்திருக்கவளா ஆயிட்டா. பையன் மேல குத்தமில்ல. ஏழாங்கிளாஸ்ல எழுதிக் குடுத்த வாசகத்த அப்படியே ஒப்பிக்கான். எவன் சொல்லுததும் எவன் காதுலயும் விழாது. தன் முறை வாரவரைக்கும் நெஞ்சு படபடப்பு, முடிஞ்ச பொறவு கொட்டாவி.

இதுல இன்னொரு வெனையும் இருக்கு, மெதுவாச் சொல்லுதேன். "வேர் ஆர் யூ ஃப்ரம், வாட் இஸ் யுவர் ஃபாதர்"னு நீ நல்ல மனசோடதான் கேப்ப. நம்ம பக்கம் எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா என்ன செய்யுதாருன்னு கேக்குதது எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? இங்கிலீஷ்ல கேட்டா மட்டும் அந்தக் கேள்வி குளிச்சு முழுகிச் சுத்தமா வந்துருமா? பின் பெஞ்சுல ரெண்டு பேரு அதுக்காகவே காதத் தீட்டிக்கிட்டு இருப்பானுக. அப்பா இல்லாத பிள்ளையும் அங்கன இருக்கும். மொத நாளே அத 60 பேருக்கு முன்னால நிக்க வச்சு அந்தச் சேதியச் சொல்ல வைக்காத. குடும்பத்தக் கேக்காத. பிள்ளையக் கேளு. என்ன பிடிக்கும், எதுக்குப் பயம், என்ன செய்யத் தெரியும், இது போதும்.

ரெண்டாவது வழி: "தமிழ்ல பேசுனா 1 ரூவா ஃபைன்"னு சொல்லணும். நம்ம பிள்ளைக சிக்கனக்காரப் பிள்ளைக. வாயத் திறக்காம இருந்தா ஃபைனே கெடையாதுன்னு கண்டுபிடிக்க அதுகளுக்கு அரை நிமிசம் ஆகாது.

மூணாவது வழி: ஒரு பய தைரியமா எந்திரிச்சு "ஐ யாம் கமிங் ஃப்ரம்"னு ஆரம்பிச்சதும், "நோ நோ, ஐ கம் ஃப்ரம்"னு குறுக்க விழுந்து திருத்தணும். அவன் உக்காந்துருவான். அவன் மட்டுமில்ல, அந்த வரிசையே உக்காந்துரும். ஒருத்தனத் திருத்தி 59 பேர ஊமையாக்குன பெருமை உனக்கு வந்து சேரும்.

இந்த மூணையும் செஞ்சு முடிச்சுட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போயி, "இந்த பேட்ச் ரொம்ப டல்"னு சொல்லிட்டா, கடமை நிறைஞ்சுரும்.

சரி, சிரிச்சது போதும். இப்பக் காதக் குடு.

மினி பஸ்ல ரெண்டு பொம்பளைக பக்கத்துப் பக்கத்துல உக்காருதாக. ஒருத்திக்கு ஒருத்தி முகங்கூடத் தெரியாது. மூணாவது ஸ்டாப் வாரதுக்குள்ள மக கல்யாணம், மருமகனோட சம்பளம், போட்ட நகை எத்தனை பவுன், அதுல எத்தனை அடகுல இருக்குங்கிற வரைக்கும் பேசி முடிச்சிருதாக. அவுகளுக்கு எந்த டீச்சர் கூச்சத்த ஒடைக்க ஐஸ்பிரேக்கர் நடத்துனா? விசயம் ரொம்பச் சின்னது தாயி. இவளுக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாது, அவளுக்கு அதத் தெரிஞ்சுக்கிடணும். அம்புட்டுத்தான். ஊர்வம்புன்னு நாம கேவலமாச் சொல்லுதோமே, அதுதான் பேச்சுக்கு மொதல் போட்ட முதலாளி. உன் வகுப்புல அது இல்ல. கையில பேனாவ வச்சுக்கிட்டு "வாட் இஸ் திஸ்?"னு கேக்குதீக. பேனான்னு உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், வராந்தாவுல உக்காந்திருக்க எனக்கும் தெரியும். பொறவு எதுக்கு வாயத் திறக்கணும்?

இது நான் சொல்லுததுன்னு தள்ளிராத. உன் எம்.ஏ. நோட்டுலயே இருக்கு. நீ குளிக்கப் போனப்ப புரட்டிப் பாத்தேன். மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்த என்.எஸ். பிரபு. 1979-ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூரு, மெட்ராஸ், கடலூர்ப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிக்கூடங்கள்ல இலக்கணத்த மூட்ட கட்டி வச்சுட்டு, பிள்ளைக கையில ரயில் டைம்டேபிளையும் மேப்பையும் குடுத்து, எந்த வண்டியில போனா எப்பப் போய்ச் சேரலாம்னு யோசிக்க விட்டாரே, அவருதான். 1987-ல அதப் புத்தகமாவும் போட்டாரு. எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாது, அது ஒரு இடைவெளி. கொஞ்சந் தெரியும், மிச்சத்த யோசிச்சுக் கண்டுபிடிக்கணும், அது ஒண்ணு. உன் அபிப்பிராயம் வேற, என் அபிப்பிராயம் வேற, அது ஒண்ணு. இந்த மூணு இடைவெளியில ஏதாவது ஒண்ணு இருந்தாத்தான் வேல நடக்கும்னாரு. ஆனா உள்ளதச் சொல்லணும்ல? பிள்ளைகளக் கூட்டங் கூட்டமாப் பேச விடுததுல அவருக்கு நம்பிக்கை கம்மி. வாத்தியாரு முன்ன நின்னு கேட்டு நடத்துததுதான் அவரு பாணி. நான் அவருகிட்ட அந்த இடைவெளிய மட்டும் வாங்கிக்கிடுதேன். ஜோடி சேத்துவிடுதது மினி பஸ் பொம்பளைககிட்ட வாங்குனது.

இப்ப உன் பட்டியலுக்கு வருவோம். ஐஸ்பிரேக்கர்னு தலைப்புப் போட்டு 12 விளையாட்டு எழுதி வச்சிருக்கியே, நாள் முச்சூடும் வகுப்பு உனக்குத்தானா?

பந்து எறிஞ்சு பேரு சொல்லுததா? வேண்டாம். 60 பேரு வகுப்புல பந்து ரெண்டாவது எறியில ஜன்னல் வழியாப் போயிரும், எடுத்துட்டு வாரேன்னு போற பய சாயங்காலந்தான் வருவான். பேசாம பொறந்த தேதி வரிசையில நிக்குததா? பேசுத வகுப்புல பேசாம இருக்குததுக்கு எதுக்கு விளையாட்டு, அதுதான் தெனம் நடக்குதே! எங்க காலமா இருந்தா நிக்கவும் முடியாது. எட்மாஸ்டர் புண்ணியத்துல ஊருல பாதிப் பேரு ஜூன் மாசந்தான் பொறந்திருக்கோம். பேருக்கு முன்னால ஒரு குணத்தச் சேத்துச் சொல்லுததா? "ஸ்மார்ட் செல்வி", "ஹேப்பி அரி"ன்னு ஒரு சுத்து வந்தா அழகாத்தான் இருக்கும். ஆனா வருசம் பூராவும் அந்தப் பட்டப்பேரச் சொமந்துக்கிட்டு அலையப் போறது அந்தப் பிள்ளைக. அதையும் அடிச்சுரு.

மூணே மூணு வச்சுக்கோ.

ஒண்ணு, பதிலப் போட்டுக் கேள்வியத் தேட விடுதது. உள்ள போனதும் பேசாத. போர்டுல மூணு சங்கதி எழுது: "3", "பல்லி", "மதுரை". எல்லாம் உன்னப் பத்தின பதிலு. கேள்வி என்னன்னு பக்கத்துல இருக்கவனோட சேந்து பிள்ளைக கண்டுபிடிக்கணும். "ஹவ் மெனி சிஸ்டர்ஸ்?" இல்ல. "ஹவ் மெனி ஃபோன்ஸ்?" இல்ல. பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன் "ஹவ் மெனி அரியர்ஸ்?"னு கேப்பான் பாரு, அங்கனதான் வகுப்பு ஆரம்பிக்குது. கோவப்படாத. சிரிச்சுக்கிட்டே இல்லன்னு சொல்லு. இருந்தா ஆமான்னு சொல்லு. இன்னும் விசேசம். நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லுததவிடக் கேள்வி கேக்குததுதான் பெரும்பாடு. தமிழ்ல வாக்கியத்தோட வாலுல ஒரு "ஆ"வ ஒட்டிவிட்டாக் கேள்வி ஆயிரும். அங்க தலைப்பக்கமே "டூ"வையும் "டிட்"டையும் கொண்டு வந்து வைக்கணும். பள்ளிக்கூடத்துல அதுகளக் கேள்வி கேக்க விட்டது யாரு? கேட்டதெல்லாம் வாத்தியாருதான்.

ரெண்டாவது, ரெண்டு நெசம் ஒரு பொய். இதுக்கு நம்ம ஊர்க்காரனுக்குப் பயிற்சியே வேண்டாம். எப்படி நடத்தணும்னு நானே காட்டுதேன். கேளு. ஒரு நாளு எட்மாஸ்டர் கண்ணசந்த நேரம் பாத்து அரைமணி முன்னாலயே மணி அடிச்சுப் பள்ளிக்கூடத்த விட்டுட்டேன். உங்க பாட்டியப் பொண்ணு பாக்கப் போனப்ப அவ என்னப் பாத்துச் சத்தமாச் சிரிச்சுப்புட்டா. எனக்கு நீச்சல் தெரியாது. இதுல எது பொய்?

பாத்தியா, உன் வாயில இப்பவே ஆறு கேள்வி முட்டிக்கிட்டு நிக்குது. சொல்ல மாட்டேன். அதான் தாயி சூட்சுமம். பதில் உன் கையில இருக்க மட்டுக்கும் அடுத்தவன் பேசிக்கிட்டே இருப்பான்.

ஒரு டீச்சரம்மா இத நடத்துனத வராந்தாவுல இருந்து பாத்திருக்கேன். மொதல்ல தன்னப் பத்தி மூணு சொன்னாக. பொறவு போர்டுல "ஐ கேன்", "ஐ ஹேவ் நெவர்", "ஐ ஒன்ஸ்"னு மூணு தொடக்கத்த எழுதிப் போட்டு, எழுதிக்கிட மூணு நிமிசம் குடுத்தாக. அந்த மூணு நிமிசந்தான் பாதி வெற்றி. நெனச்சுக்கிட நேரம் குடுக்காமப் பேசுன்னா பெரிய மனுசனே முழிப்பான். கடைசி பெஞ்சுல அது வரைக்கும் வாயே திறக்காத ஒரு பய. பக்கத்துல இருக்கவன்கிட்டச் சொல்லுதான்: "ஐ கேன் கிளைம்ப் பனைமரம். ஐ ஹேவ் நெவர் சீ த சீ. ஐ ஒன்ஸ் ஈட் 12 பரோட்டா." அடுத்தவன் விடல. "வேர்?" "விருதுநகர்." "ஹூ பெய்டு?" "மை மாமா." "ஆஃப்டர் தட்?" இவன் வயித்தப் பிடிச்சுக் காட்டுதான். முன் பெஞ்சுல இருந்து நாலு பேரு திரும்பிட்டாக. பரோட்டா நெசம், பனை ஏறுததும் நெசம். பொய் எதுன்னா கடலு. திருச்செந்தூர்ல மொட்டை போட்டவன் கடலப் பாக்காமலா இருந்திருப்பான்! அந்தப் பேச்சுல இலக்கணம் ரெண்டு எடத்துல கால் ஒடிஞ்சு கெடந்துச்சு. டீச்சரம்மாவுக்குக் கை அரிச்சிருக்கும். ஆனா தொடல. ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சுக்கிட்டாக. கடைசி 5 நிமிசத்துல பேரு சொல்லாம அஞ்சாறு வாக்கியத்தப் போர்டுல எழுதி, "இதுல எது சரி, எத மாத்தலாம்?"னு எல்லாரையும் கேட்டாக. அதுல ரெண்டு வாக்கியம் சுத்தமான நல்ல வாக்கியம். அதையும் சேத்து எழுதுனதுதான் கெட்டிக்காரத்தனம்.

மூணாவது, ஆளத் தேடுதது. ஒரு தாள்ல 9 கட்டம். மாட்டு வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு, ரயிலே ஏறாத ஆளு, இட்லி பிடிக்காத ஆளு, இருட்டுக்குப் பயப்படுத ஆளு. கேட்டுக் கண்டுபிடிச்சுப் பேர எழுதணும். இதுல ஒரு எச்சரிக்கை. நம்ம பிள்ளைக ஒரு வார்த்த பேசாமத் தாளச் சுத்தவிட்டு 9 கட்டத்தையும் ரெண்டு நிமிசத்துல நெரப்பிருவாக. பஞ்சாயத்துத் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்குன பரம்பரை அது. அதனால பேரு மட்டும் போதாதுன்னு சொல்லு. எப்ப, எங்க, ஏன்னு இன்னொரு சேதியும் கட்டத்துல இருக்கணும். ஒரு பேரு ஒரு தடவதான் வரணும். தாள யாருக்கும் காட்டக் கூடாது.

எந்திரிச்சு நடக்க எடமில்லன்னு சொல்லுவ. தெரியும், பெஞ்சத் தரையோட ஆணி அடிச்சு வச்சிருப்பாக. நடக்க வேண்டாம். ஒத்தப்படை வரிசையப் பின்னால திரும்பச் சொல்லு. முன்ன ரெண்டு, பின்ன ரெண்டு, நாலு பேரு ஒரு கூட்டம். ஒருத்தரா நின்னு ஒப்பிச்சா ஒரு நேரத்துக்கு ஒரு வாய்தான் அசையும். ஜோடி ஜோடியாப் பேசுனா 30 வாய் அசையும். பொறவு எல்லாரையும் எழுப்பி ஒப்பிக்க வைக்காத. மூணு கூட்டத்த மட்டும் கேளு. அதுவும் தன்னப் பத்திச் சொல்ல வேண்டாம், பக்கத்துல இருக்கவனப் பத்திச் சொல்லட்டும். தன்னப் பத்தி மேடையில பேசுததுக்குத்தான் கூச்சம். அடுத்தவனப் பத்திப் பேச நமக்கு என்னைக்குக் கூச்சம் இருந்திருக்கு?

பையனையும் பொண்ணையும் மொத நாளே ஜோடி சேத்துவிடாத. ஐஸ் உடையுதோ இல்லையோ, ஊருல ரெண்டு குடும்பம் உடையும். அதுக்குன்னு நாளு வரும்.

கான்வென்ட்ல படிச்சுட்டு வந்த பிள்ளைக நாலஞ்சு இருக்கும். விட்டா அதுகளே 50 நிமிசமும் பேசி முடிச்சிரும், நீயும் வகுப்பு அமோகமா நடந்துச்சுன்னு வீடு வந்து சேருவ. அதுகளுக்குப் பேசத் தெரியும், அடுத்தவன் பேசுததக் கேக்கத் தெரியாது. கேள்வி கேக்குத வேலைய அதுககிட்டக் குடு. பதில் சொல்லுதது தமிழ் மீடியம் பிள்ளையா இருக்கட்டும். சொல்லு கெடைக்காமத் தவிச்சா நடுவுல ஒரு தமிழ் வார்த்தையப் போட்டுட்டுப் போகட்டுமே, பனைமரத்தப் பனைமரம்னே சொன்னானே அவன், மரம் என்ன சாஞ்சா போச்சு? சுத்தமாப் பேச விருப்பமில்லாத பிள்ளை "பாஸ்"னு சொல்லலாம்னு மொதல்லயே சொல்லிரு. தப்பிக்க வழி இருக்குன்னு தெரிஞ்சா முக்காவாசிப் பேரு தப்பிக்க மாட்டாக.

கடைசியா ஒரு கஷ்டமான வேல, அது உனக்குத்தான். கேள்வி கேட்டுட்டுச் சும்மா இருக்கணும். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1970-கள்ல வகுப்புகள டேப்புல பதிஞ்சு கேட்டுக் கணக்கெடுத்தாக. அதுவும் உன் நோட்டுலதான் இருக்கு. வாத்தியாருமாரு கேள்வி கேட்டுட்டுச் சராசரியா 1 செகண்டுதான் பொறுத்திருக்காக, பொறவு அவுகளே பேசிட்டாக. அத 3 செகண்டு ஆக்குனதும் பதில் நீளமாச்சு, வாயே திறக்காத பிள்ளைக பேச ஆரம்பிச்சிருக்கு. அது தாய்மொழியில அறிவியல் படிச்ச பிள்ளைகளுக்கு. உன் பிள்ளைக தமிழ்ல நெனச்சு இங்கிலீஷத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வரணும். 3 போதாது, 6 எண்ணு. நம்ம குடும்பத்துல எவளுக்கும் 6 செகண்டு வாய மூடிக்கிட்டு இருந்து பழக்கமில்ல, அதனாலதான் இன்னைக்கே சொல்லுதேன். நாக்க மடிச்சுப் பல்லுல கடிச்சுக்கோ.

ஆக, மொத 10 நிமிசம் போர்டுல மூணு பதிலு. அடுத்த 25 நிமிசம் ரெண்டு நெசம் ஒரு பொய். 10 நிமிசம் மூணு கூட்டம் அடுத்தவனப் பத்திச் சொல்லுதது. 5 நிமிசம் துண்டுச் சீட்டுல குறிச்ச வாக்கியங்க. ஆளத் தேடுததப் புதன்கெழமைக்கு வச்சுக்கோ. எல்லா வெடியையும் தீபாவளி காலையிலயே வெடிச்சுத் தீத்துராத. அட்டென்டன்சா? எல்லாரும் ஜோடியாப் பேசிக்கிட்டு இருக்கும்போது நடந்துக்கிட்டே எடுத்துரு. அப்பத்தான் யாரு என்ன பேசுதான்னு உன் காதுலயும் விழும்.

30 வாய் ஒரே நேரத்துல பேசுனாச் சத்தம் வரத்தான் செய்யும். வராந்தாவுல போற பிரின்சிபால் கண்டிப்பா எட்டிப் பாப்பாரு. "என்னம்மா, வகுப்பா சந்தையா?"ன்னு கேப்பாரு. பதறாத. மரியாதையா உள்ள கூப்பிட்டு, சாக்பீஸ அவரு கையில குடுத்து, "சார், நீங்களும் ரெண்டு நெசம் ஒரு பொய் சொல்லுங்க, பிள்ளைக கண்டுபிடிக்கட்டும்"னு சொல்லு. பொய்ய அவரு டக்குன்னு சொல்லிருவாரு. மத்த ரெண்டுக்கும் நீ 6 செகண்டு பொறுத்துத்தான் ஆகணும்.